பெரிய ற

வரிசையில் நிர்க்கவும் என்று சுவரில் நீலப் பெயின்டில் எழுதியிருந்தது. செண்பகவல்லி உட்கார்ந்திருந்தாள்; அது நிற்பவர்களுக்கான அறிவிப்பு, நமக்கில்லை என்று விட்டுவிட்டிருக்கலாம். பதினாலு வருஷமாகப் பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு அது முடிகிற காரியமா? நில் என்பதில் இருக்கிற ல்தான் நிற்கவும் என்பதில் ற் ஆகிறது, இந்த ர் எந்த வீட்டு விருந்தாளி என்று மனசு விசாரணையை ஆரம்பித்துவிட்டது. ஆரம்பிக்கட்டும். இந்த ஏழு மாதத்தில் அவளாகக் கண்டுபிடித்த ஒரே மருந்து இதுதான்: பிழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறவரை வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. இந்த அலுவலகம் மருந்து விஷயத்தில் தாராளம். நிர்க்கவுமுக்குக் கீழே, ஒலிநகல் இரண்டு இணைக்கவும். ளகரம் போட்டால் அது ஜெராக்ஸ். லகரம் போட்டால் சத்தம். பிறப்பு இறப்புப் பதிவுக்குச் சத்தத்தை இரண்டு பிரதி எடுத்து வரச் சொல்கிறார்கள், பிறந்திருந்தால் குழந்தை அழுத சத்தம், இறந்திருந்தால் மற்றவர்கள் அழுத சத்தம் என்று நினைத்து உதட்டுக்குள் சிரித்தவள், சிரித்த இடத்திலேயே வழுக்கினாள். எங்களிடம் அந்தப் பிரதி இல்லையே. குழந்தை அழுது ஒருநாளும் கேட்கவில்லையே. தொண்டைக்குள் குழாய் போயிருந்தது. வாய் அழுகிற மாதிரி திறக்கும், முகம் அழுகிற மாதிரி சிவக்கும், சத்தம் மட்டும் வராது. டிவியை மியூட்டில் போட்டதுபோல என்று அப்போது தோன்றியது. பெற்ற பிள்ளையைப் பார்த்து உவமை தேடிய தாய் இந்த ஜில்லாவிலேயே நானாகத்தான் இருப்பேன் என்று உடனே தோன்றியது. இதுவும் அவளுக்குப் பழகின வட்டம். நினைப்பு, நினைத்ததற்கு வெட்கம், வெட்கத்துக்கு ஒரு அடிக்குறிப்பு.

ஏழு மாதத்துக்கு முன் அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. பிறக்க வேண்டிய நாளுக்கு இரண்டரை மாதம் முன்னதாக, தொள்ளாயிரத்து அறுபது கிராம். ஒன்பது நாள் இருந்தது. சொல்லி முடிக்க மூன்று வாக்கியம் போதும் என்பதே அவமானமாக இருந்தது. ஒரு பேருந்து விபத்துக்குக்கூட நாலு வாக்கியம் தருகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் பெயர் என்ற இடத்தில் ஒரு சின்னக் கோடு. முந்தாநாள் சாப்பிட்டுக் கை கழுவும்போது அவள் புருஷன் தனபால், துண்டைத் தேடுகிறவன்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டு, “வெள்ளிக்கிழம லீவு போட்டிருக்கேன். போயி பேரச் சேத்துட்டு வந்துருவோம்” என்றான். எந்தப் பேரை என்று கேட்டதற்கு, “இருக்கிறது ஒண்ணுதான” என்றான். அந்தப் பெயரை இரண்டு பேருமே ஏழு மாதமாக வாயால் சொன்னதில்லை. இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டோக்கன் நாற்பத்திரண்டைச் சுருட்டிச் சுருட்டிப் பீடி மாதிரி ஆக்கிவிட்டு, “டீ சாப்டுறியா செம்பா?” என்றான். வேண்டாங்க என்றாள். செண்பகத்தின் ணகரத்தை மகரமாக்கிச் செம்பகம், அதைச் சுருக்கிச் செம்பா. தண்ணீர் மொள்ளுகிற செம்புக்கு ஒன்றுவிட்ட சகோதரி மாதிரி ஒரு பெயர். கல்யாணமான மூன்றாம் வருஷம் திருத்துவதை நிறுத்திக்கொண்டாள், அது ஆயிற்று ஆறு வருஷம். தனபால் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர்; வயர்களின் நிறத்தில் ஒருநாளும் தப்பு விடாதவன். எழுத்தில் மட்டும் எல்லா ரகரமும் அவனுக்கு ஒரே ரகரம். வயர் மாறினா ஆளு செத்துருவான், எழுத்து மாறினா யாரு சாவா என்பான். முன்பெல்லாம் என்பான்.

நாற்பது என்று கூப்பிட்டார்கள். எதிர் பெஞ்சில் ஒரு இளம் ஜோடி, மடியில் ஆறு மாதக் குழந்தை, மணிக்கட்டில் இரண்டு மடிப்பு விழுகிற அளவுக்குச் சதை. அது எட்டிச் செண்பகவல்லி வைத்திருந்த பிளாஸ்டிக் ஃபைலின் மூலையைப் பிடித்து இழுத்தது. “சாரிக்கா, எதப் பாத்தாலும் வாயிக்குப் போகுது” என்று அந்தப் பெண் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பரவாயில்லம்மா. ஆறு மாதம். நம் கணக்குக்கு ஏழு. அல்லது தேதிப்படி பிறந்திருந்தால் நாலரை. நாலரையில் கழுத்து நின்றிருக்குமா, குப்புற விழுந்திருக்குமா? அவளுக்கு இது தெரியாது, தெரிந்துகொள்ளக்கூடாது என்று அலமாரியில் இருந்த குழந்தை வளர்ப்புப் புத்தகத்தை அட்டையைத் திருப்பி வைத்திருந்தாள். “உங்களுக்கு எத்தன பசங்கக்கா?” என்று அந்தப் பெண் கேட்டாள். ஒரு எழுத்துப் பிழையும் இல்லாத கேள்வி. ஒன்று என்றால் எங்கே என்பார்கள். இல்லை என்றால், இல்லை என்ற சொல்லுக்கு இப்போது இல்லை என்று மட்டும்தானே பொருள், எப்போதுமே இருந்ததில்லை என்றும் சேர்த்துப் புரிந்துகொள்வார்களே. அவள் வாயைத் திறப்பதற்குள் நாற்பத்தொன்று என்று கூப்பிட்டார்கள், ஜோடி எழுந்து ஓடியது. நல்லவேளை. வேளை என்று ஒரு கீரைச்செடி உண்டு, அதில் நல்லவேளை, நாய்வேளை என்று இரண்டு ஜாதி உண்டு என்று ஏழாம் வகுப்பு அறிவியலுக்கு ஒருமுறை அடிக்குறிப்பு எழுதிக் கொடுத்தாள், எடிட்டர் வெட்டிவிட்டார். நாத்தனார் கலைவாணியும் அன்றைக்கு அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலில், துணியில் சுற்றின அந்தச் சின்னப் பொதியை வாங்கிக்கொண்டு தனபால் முன்னால் போக, இவள் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேள அண்ணி, பேரு வைக்கல. பேரு வச்சுக் கூப்பிட்டுப் பழகியிருந்தா இன்னும் கஷ்டமா இருந்திருக்கும்.” நல்ல மனசோடுதான் சொன்னாள். பொரியலில் ஒரு முடி கிடந்தால் எப்படி, முழுங்கவும் முடியாது துப்பவும் முடியாது, அப்படி அது தொண்டையிலேயே நின்றுவிட்டது.

ஏனென்றால் பேர் வைக்காதது வேளையால் அல்ல, அவளால். ஐந்தாம் மாதமே ஒரு பட்டியல் போட்டு, எதிரே பொருளும் எழுதி, தனபாலுக்கு வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். முதலில் இருந்தது நிறைமதி. பௌர்ணமி நிலா, ஆனால் பௌர்ணமி என்று பேர் வைத்தால் வெள்ளிக்கிழமை என்று வைத்த மாதிரி இருக்கும். குழந்தை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் போய், வயிற்றில் தையலோடு இவளால் ஆறாம் நாள்தான் போய்ப் பார்க்க முடிந்தபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் உள்ளங்கை நீளத்துக்கு முதுகு. இதற்கு நிறை என்று பெயரா? கேலி செய்வதுபோல இருக்காதா? பிறைமதி என்றால் பொருந்தும், ஆனால் பிறை தேயவும் தேயுமே. குழலி என்று மாற்றலாமா, பதினோராம் நாள் பார்த்துக்கொள்ளலாம். அன்று புதிதாக டியூட்டிக்கு வந்திருந்த நர்ஸ், “பேரு சொல்லிக் கூப்பிடுங்கம்மா, அம்மா குரலு நல்லா கேக்கும்” என்றாள். இவள், “இன்னும் முடிவு பண்ணல சிஸ்டர்” என்றாள். ஏதோ அட்டைப்படம் இன்னும் முடிவாகவில்லை என்பதுபோல. பெட்டியின் பக்கத்தில் கை விடுவதற்கு வட்டமாக ஒரு திறப்பு. அதில் வாயை வைத்து, என்ன சொல்வது என்று தெரியாமல், ம் என்றாள். ம், ம் என்று நாலு நாள். உயிரெழுத்துக்கூடச் சேராத வெறும் ம். அந்தக் காதுக்குள் அம்மாவிடமிருந்து போனது அவ்வளவுதான். ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு மானிட்டரின் சத்தம் நின்றது. நின்றதும் அவளுக்குள் முதலில் எழுந்த சொல் அப்பாடா. அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. அந்த அப்பாடாவை அவள் நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சோறு இறங்காமல், தூங்காமல், ஒரே பக்கத்தை நாற்பது தடவை படித்து, ஒரு பாடத்தில் ‘குழந்தைகள்’ என்ற சொல்லைப் பிழை என்று சுழித்து அனுப்பிய பிறகு, எடிட்டர்தான் டாக்டர் ரெஜினாவின் நம்பரைக் கொடுத்தார். மனநல டாக்டர் என்பதால் சோபா இருக்கும் என்று நினைத்தாள். ரேஷன் கடை மாதிரி ஒரு நாற்காலி. மூன்றாவது தடவை போனபோது சொன்னாள். டாக்டர் அதிர்ச்சியாகவில்லை. “நாலு நாளா மூச்சப் பிடிச்சுக்கிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தீங்க. சத்தம் நின்னதும் உடம்பு மூச்ச விட்டுது. அது சொன்ன வார்த்த அது. உங்களக் கேட்டா சொல்லுச்சு?” என்றாள். நல்ல வாக்கியம், எழுவாய் தெளிவாக இருக்கிறது என்று செண்பகவல்லி மனசுக்குள் பாஸ் போட்டாள். அன்று இரண்டு தோசை சாப்பிட்டாள். ஆக, அப்பாடா ஒருவழியாகத் தீர்ந்தது. பேர் தீரவில்லை. அதை டாக்டரிடமும் சொல்லவில்லை. குழந்தை பேரில்லாமல் போயிற்று, நான் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

கவுன்டரில் அந்த இளைஞன், “இங்கிலீஷ்ல ரெண்டு எச் வரணும் சார், நியூமராலஜி பாத்திருக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். “தமிழ்ல?” “தமிழ்ல எப்படி வேணா போட்டுக்கங்க சார்.” தமிழில் எப்படி வேண்டுமானாலும். செண்பகவல்லி கண்ணை மூடித் திறந்தாள். ஃபைலைத் திறந்தால் மேலேயே தனபால் காலையில் உட்கார்ந்து எழுதிய மனு. நானே எழுதுறேன், நீ பாக்காத என்றிருந்தான். பார்க்காமல் இருக்கலாம். அனுப்புநர் சரி, ஊரே அனுப்புனர் என்று எழுதும்போது அனுப்புநர் என்று எழுதியவனுக்கு ஒரு முத்தமே கொடுக்கலாம். பெறுநர் சரி. ஐயா. எங்கள் பெண் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் இரந்து விட்டது. அங்கே நின்றாள். இறந்து இல்லை, இரந்து. இரப்பது என்றால் கையேந்துவது, பிச்சை கேட்பது. எங்கள் பெண் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் கையேந்திவிட்டது. என்ன கேட்டது? அந்த விரல்கள், தீக்குச்சி கனத்துக்கு, நீட்டியபடி இருந்தனவே, என்ன கேட்டது? தெரியாதா உனக்கு? ஒரே ஒரு பெயர். இரண்டெழுத்தில் வைத்தாலும் போதும் என்றிருக்கும். மேலே போ, மேலே படி. அக்குழந்தையை நாங்கள் நிரைமதி என்ற பெயரில் அழைத்து வந்தோம். நிரை என்றால் வரிசை, பசுக்கூட்டம். மாட்டு மந்தை நிலா. அது போகட்டும். அழைத்து வந்தோம் என்பது பொய். கூப்பிட்டுவந்தோம் என்ற பொருளிலும் பொய், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தோம் என்ற பொருளிலும் பொய். ஒரே வாக்கியத்தில் இரண்டு பொய்யை வைக்கிற திறமை தனபாலுக்குக் கிடையாது. மனுவுக்கு இப்படித்தான் எழுத வேண்டும் என்று ஆபீஸில் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்த ஆள் கேட்டால்? என்ன பேர்ல கூப்பிட்டீங்க என்று கேட்டால்? பையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினாள். ரவை றவாக்க ஒரு சுழி போதும். கை நின்றது. இற என்று அவள் கையால் அந்த ஒன்பதாம் நாளுக்குப் பிறகு எழுதியதில்லை. இந்த ஏழு மாதத்தில் அந்தச் சொல் வந்த பக்கங்களில்கூட, நல்லவேளையாக, அது சரியாகவே அச்சாகியிருந்தது. மூடியைப் போட்டாள். போன வாரம் வந்தது ஒன்பதாம் வகுப்பு இயற்பியல். எடை வேறு, நிறை வேறு. எடை இடத்துக்கு இடம் மாறும், நிலாவுக்குப் போனால் ஆறில் ஒரு பங்காகிவிடும். நிறை எங்கே போனாலும் மாறாது. அந்த வரியில் ஒரு பிழையும் இல்லை. இருந்தும் அந்தப் பக்கத்தை அனுப்ப இரண்டு நாளாயிற்று. நிறையும் மதியும் ஒரே பத்தியில் வந்தால் அவள் என்ன செய்வாள்? தொள்ளாயிரத்து அறுபது கிராம் எடையா நிறையா என்று அந்த வார்டு சிலேட்டில் எழுதியிருக்கவில்லை. நெஞ்சில் கிடக்கிற இந்தப் பாரமும் எடை என்றால் எப்போதாவது குறையும். சில நாள் குறைந்துதான் இருக்கிறது, பொய் சொல்லக்கூடாது, நேற்று மார்க்கெட்டில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசி ஜெயித்தபோது ஒரு பத்து நிமிஷம்...

“நாப்பத்திரண்டு.”

தனபால் எழுந்தான். அவள் முழங்கால் எழுந்தது, அவள் பிறகு எழுந்தாள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் இன்னாசிமுத்து என்று பெயர்ப்பலகை. அறுபதை எட்டிப் பார்க்கிற ஆள், கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். மனுவைப் படித்தார். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார். அடியில் இருந்த இன்னொரு சான்றிதழைப் பார்த்ததும் கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டு இரண்டு தேதியையும் மறுபடி பார்த்தார். இதோ வருகிறது என்று செண்பகவல்லி மேஜை விளிம்பைப் பிடித்தாள். போன பிள்ளைக்கு எதுக்கும்மா பேரு. அந்த வாக்கியத்தை அவள் இரண்டு நாளாக அவருக்காக எழுதி வைத்திருந்தாள்.

“சேத்துரலாம்” என்றார் அவர். “பொறந்தது பொறந்ததுதான. அந்த ரிஜிஸ்டர் வேற, இந்த ரிஜிஸ்டர் வேற. ஒண்ணுல வந்ததுக்காக இன்னொண்ணுல அழிக்க மாட்டோம்.” பிறகு மனுவில் விரலை ஓட்டி, “அழைத்து வந்தோம்னு போட்டிருக்கீங்க. இந்தப் பேர்லதான் கூப்ட்டீங்களா? கேக்கணும், அதான் கேக்குறேன்.”

அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பொய்ச்சாட்சி சொல்ல அவளுக்கு வராது, கமாவில்கூட வராது.

“நான் கூப்ட்டேன் சார்” என்றான் தனபால்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“இவ வேற ஆஸ்பத்திரில கெடந்தா. மொத அஞ்சு நாளும் நாந்தான். காலைல ஒருதடவ, சாயந்தரம் ஒருதடவ உள்ள விடுவாங்க. அந்தப் பொட்டில கை விடுற ஓட்டை இருக்கும்ல, அதுல வாய வச்சு நிரைமதி, நிரைமதின்னு. லிஸ்ட்ல மொதல்ல இருந்துச்சு, அதான் பேருன்னு நெனச்சேன். நர்ஸம்மாகூட காலைல போனா, நிரைமதி இன்னிக்கு பதினஞ்சு கிராம் கூடிட்டாங்கும்.” கவுன்டர் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “ஒருதடவ நான் கூப்பிட்டதுக்குப் புருவத்தச் சுளிச்சுது சார். இந்தா, இவ சுளிப்பா பாருங்க, எழுத்துத் தப்பா இருந்தா. அச்சு அசல் அப்படியே. பயந்துட்டேன். சரியாத்தான சொல்றோம்னு.”

இன்னாசிமுத்து அவள் முகத்தைப் பார்த்தார். அவள் புருவம் அந்த நேரத்தில் என்ன வேலை செய்துகொண்டிருந்ததோ, அவர் சட்டென்று மனுவுக்குள் குனிந்துகொண்டார்.

“ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“நீ முடிவு பண்ணலன்னு சொன்ன. அதுக்குள்ள நான் கூப்ட்டுட்டேன்னா திட்டுவியோன்னு இருந்தேன். அப்புறம்...” என்று தோளைத் தூக்கினான். “அப்புறம் எப்பச் சொல்ல?”

பத்துத் தடவை. காலை ஐந்து, மாலை ஐந்து. ஒவ்வொரு தடவையும் எத்தனை முறையோ. பேரில்லாமல் போகவில்லை. கூப்பிட்டிருக்கிறார்கள், கேட்டிருக்கிறது, ஆட்சேபித்தும் இருக்கிறது. சின்ன ர போட்டுக் கூப்பிட்டிருக்கிறான் பாவி, ஆனால் வாயிலிருந்து காதுக்குப் போகிற வழியில் ஏது சின்ன ர பெரிய ற, ஊரில் யார் வாயில் அந்த வித்தியாசம் இருக்கிறது, அவள் வாயில்கூடச் சொல்லிக் காட்டும்போது மட்டும்தான். அதைத் தாண்டியும் ஒரு ஆள் கண்டுபிடித்துப் புருவத்தைச் சுளித்திருந்தால், தொள்ளாயிரத்து அறுபது கிராமில் அது எத்தனை கிராமாக இருந்திருக்கும் அந்தப் புருவம், அது சந்தேகமில்லாமல் அவள் பெண்தான். அழுகை வரும் என்று எதிர்பார்த்து முந்தானையை எடுத்தாள். வந்தது சிரிப்பு. கண்ணில் தண்ணீரோடு, மூக்கு வழியாக, கேவலமான சத்தத்தோடு. பின்னால் நாற்பத்துமூன்று எட்டிப் பார்த்தது.

“எழுத்தப் பாத்துச் சொல்லிருங்கம்மா” என்றார் இன்னாசிமுத்து, ரிஜிஸ்டரைத் திறந்துகொண்டு. “ஒருதடவ ஏறிட்டா மாத்துறது பெரிய பாடு. சின்ன ரவா, பெரிய றவா?”

தனபால் அவளைப் பார்த்தான்.

“பெரிய ற” என்றாள். பிறகு, அது மட்டும் போதாது என்று தோன்றி, “நிறைமதி” என்றாள். பக்கத்துக் கவுன்டர் வரைக்கும் கேட்டது. அவள் குரலில் அந்தப் பெயர் எப்படி இருக்கும் என்று அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. பொருத்தமாகவும்.

“மனுவுலயும் திருத்தி ஒரு சின்னக் கையெழுத்து போட்டுக் குடுங்க.”

பேனாவை எடுத்தாள். முதலில் பெயர், சுழித்தாள். மேலே ஒரு வரி போனாள். இரந்து. இல்லை, இது எதையும் இரக்கவில்லை. கேட்பதற்கு முன்பே கொடுத்துவிட்டிருக்கிறார்கள். ரவின் காலை இழுத்து வளைத்துச் சுழி போட்டாள். இறந்து. மை காயட்டும் என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். சரியாக இருந்தது. பக்கத்தில் செ. என்று கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. அப்பாடா என்றாள், வாய்விட்டே. யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்க்கவில்லை. தனபால் எதிரே இருந்த கடையைக் காட்டி, “இப்பயாச்சும் ஒரு டீ சாப்டுறியா செம்பா?” என்றான்.

“செண்பா.”

“ம்?”

“செம்பா இல்லீங்க. செண்பா. மூணு சுழி ண்.”

அவன் நடுரோட்டில் நின்று அவளைப் பார்த்தான். ஆறு வருஷம் கழித்து லைனில் கரண்ட் வந்த மாதிரி ஒரு முகம். “செண்பா” என்றான் ஜாக்கிரதையாக, ஒவ்வொரு எழுத்தாக. “சரியா?”

“பரவாயில்ல” என்றாள். “ஸ்ட்ராங்கா ரெண்டு சொல்லுங்க.”